பதினோரு கோடுகள்

உப்பங்கரை என்றொரு துறைமுகம் இருந்தது. இன்று அந்த இடத்தில் கடல்தான் இருக்கிறது. போய்ப் பார்க்க வழியில்லை; சொல்கிறவர் சொல்ல, கேட்கிறவர் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஊரில் குதிரை வைத்தியம் பார்த்தவன் உதிரன். கப்பலில் வரும் குதிரைகள் பாதி உயிரோடுதான் கரை இறங்கும். அவற்றுக்கு மருந்து புகட்டி, நடக்கவைத்து, அரசனின் ஆட்கள் வருவதற்குள் பளபளவென்று நிறுத்தவேண்டும். இருபத்தைந்து வருடம் அதைச் செய்தவன், நாற்பத்தெட்டாவது வயதில் ஒருநாள், இனி மனிதருக்கு வைத்தியம் பார்க்கப்போகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

"குதிரை உதைக்கும், அவ்வளவுதான். மனுசன் வாயைத் திறந்து பேசுவானே, அதை எப்படித் தாங்குவே?" என்று லாயத்துக் கூட்டாளிகள் கேலி செய்தார்கள்.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராகக் கொற்றியின் மருந்துவீட்டுக்குப் போனான்.

கொற்றிக்கு முப்பது வயதிருக்கும். பிரசவம் பார்ப்பாள், எலும்பு கட்டுவாள், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பாள். பேச்சு மட்டும் அளந்துதான் வரும். மகள் வயதுப் பெண்ணை "அம்மா" என்று கூப்பிடுவதில் உதிரனுக்குக் கூச்சமே இல்லை. அவள் பதிலுக்கு "அண்ணே" என்றபோதுதான் கொஞ்சம் நெளிந்தான்.

மருந்துவீட்டின் நீளச் சுவரை ஒட்டிப் பலகைமேல் பானைகள் வரிசையாக இருந்தன. முப்பத்துச் சொச்சம் பானைகள், உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஒவ்வொன்றின் தோளிலும் இரும்பு எழுத்தாணியால் ஒரு பேர் கீறப்பட்டிருந்தது. சிலவற்றில் இரண்டு பேர், மூன்று பேர். ஒவ்வொரு பேருக்குக் கீழேயும் கோடுகள். ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு ஏழு.

விடிந்ததும் அந்தப் பேர்களை உரக்கப் படிக்கவேண்டும். கோடுகளையும் எண்ணிச் சொல்லவேண்டும். படித்து முடியும்வரை ஒரு பானையையும் திறக்கக் கூடாது. வாசலில் நோயாளி துடித்துக்கொண்டிருந்தாலும் அதுதான் முறை.

முதல் நாளே உதிரன் கேட்டான்.

"இவங்கெல்லாம் யாரும்மா?"

"நம்ம வீட்டு ஆசான்மார்."

உதிரன் கைகூப்பிக் கும்பிட்டான். அன்றுமுதல் அவன் பேர் படிக்கும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது.

கோடு என்ன கணக்கு என்று அவன் கேட்கவில்லை. அவனே ஊகித்துக்கொண்டான். லாயத்தில் நல்ல குதிரைக்குக் கழுத்துப்பட்டையில் கோடு போடுவார்கள்; கோடு கூடக்கூட மதிப்புக் கூடும். ஆசானுக்கும் அப்படித்தானே இருக்கும்? தித்தன் என்ற பேருக்குக் கீழே பதினோரு கோடு இருந்தது. முதல் மூன்றும் ஆழமாக, நேராக இருந்தன. மற்ற எட்டும் மெலிந்து, நெளிந்து கிடந்தன. பின்னாளில் பெருமை கூடியிருக்கும் என்று உதிரன் தீர்மானித்தான். தினமும் அந்தப் பானைக்கு மட்டும் ஒரு பூ வைத்தான்.

கொற்றி பல நாள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் கேட்டாள்.

"அதுக்கு மட்டும் ஏண்ணே பூ?"

"எல்லாரையும்விடப் பெரிய ஆசான் போல இருக்கே."

அவள் பானையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா. அவருகிட்ட நிறையப் படிச்சேன்" என்றாள்.

இரண்டு வருடம் போயிற்று. உதிரன் வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டான். கை பழகிவிட்டது. ஆனால் மனதுக்குள் ஒரு ஆசை முளைவிட்டிருந்தது. தன் பேரும் ஒரு பானையில் ஏறவேண்டும்.

அதற்கு வழியும் கிடைத்தது. மலையிலிருந்து வரும் ஒரு வேர் உண்டு. தேன் விற்க வருகிறவர்கள் அதைக் கசப்பன் என்பார்கள். குதிரைக்கு நடுக்கக் காய்ச்சல் கண்டால் லாயத்தில் அதைத்தான் இடித்துக் கொடுப்பார்கள். மனிதருக்கு ஏன் ஆகாது என்று உதிரனுக்குத் தோன்றியது. தூள் செய்து, ஒரு சிப்பி அளவு எடுத்து, முதலில் தானே வெந்நீரில் கலக்கிக் குடித்தான். வியர்த்தது, அவ்வளவுதான். பிறகு அதே நடுக்கக் காய்ச்சலில் கிடந்த ஓர் உப்பளத்துக்காரனுக்கு இரண்டு சிப்பி கொடுத்தான். மூன்று வாரமாக விடாத காய்ச்சல் ஒரே பகலில் விட்டது.

ஊரே பேசியது. உதிரன் தரையில் கால் பாவாமல் நடந்தான்.

கசப்பனுக்கென்று ஒரு புதுப் பானையைக் கொற்றி வரிசையின் கடைசியில் வைத்தாள். அதில் பேர் இல்லை.

"பேர் எழுதலையாம்மா?" என்றான் உதிரன். கையில் எழுத்தாணியைக்கூட எடுத்துவந்துவிட்டான்.

"இந்தப் பானைக்கு இன்னும் ஆசான் வரலண்ணே."

"கண்டுபிடிச்சது நான்தானேம்மா?"

"நீங்கதான்."

"அப்புறம் என்ன?"

"வராமலே இருந்தா நல்லது" என்றாள் கொற்றி. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. ஒரு நாளைக்கு ஒரே தடவை. மறுநாள் விடியிறவரைக்கும் பொறுக்கணும்."

உதிரனுக்குச் சுருக்கென்றது. சின்ன வயது, பொறாமை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

ஒருமுறை கொற்றி பிரசவத்துக்காகக் கழிக்கு அக்கரையில் இருந்த ஊருக்குப் போயிருந்தாள். அன்று காலை நாகனைத் தூக்கிவந்தார்கள்.

நாகன் முத்துக் குளிக்கிறவன். தேக்குமரம் போன்ற உடம்பு. அவ்வளவு பெரிய ஆளைக் காய்ச்சல் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. கூட அவன் மனைவி எயினியும் அவள் தம்பி மருதனும் வந்திருந்தார்கள். முத்துக் குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மேலே தோணியில் பிடித்திருப்பவன் மனைவியின் உடன்பிறந்தவனாகவே இருப்பான். அக்காவின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. மருதன் எட்டு வருடமாக நாகனின் கயிற்றைப் பிடித்தவன்.

உதிரன் இரண்டு சிப்பி கொடுத்தான். நடுப்பகலாகியும் வியர்க்கவில்லை.

குதிரைக்கு வியர்க்காவிட்டால் மறுபடி கொடுப்பார்கள். உடம்பு பெரிதென்றால் மருந்தும் பெரிது. இருபத்தைந்து வருடப் பழக்கம் அவன் கையைப் பிடித்து இழுத்தது. இன்னும் இரண்டு சிப்பி கொடுத்தான். வெயில் சாயும்போது இன்னும் இரண்டு.

நாகனுக்கு வியர்த்தது. நிற்காமல் வியர்த்தது. கைகால் சில்லிட்டு, உதடு நீலம் பாய்ந்து, பொழுது அடைவதற்குள் அவன் அடங்கிவிட்டான்.

எயினி அழவில்லை. உதிரனையே பார்த்தாள்.

"வைத்தியரே, மருந்து குடுத்தும் போயிட்டாரா? மருந்து குடுத்ததால போயிட்டாரா?"

"காய்ச்சல் முத்திப்போச்சு தாயி" என்றான் உதிரன்.

அவர்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போனபின் அவன் உரலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பானையில் குறைந்திருந்த அளவுக்குப் புது வேரை இடித்தான். பானையைப் பழையபடி நிரப்பி, உரலைக் கழுவி, மூடியைத் துடைத்து வைத்தான்.

மறுநாள் காலை கொற்றி வந்தாள். வழியிலேயே கேள்விப்பட்டிருந்தாள். கசப்பன் பானையைத் திறந்து பார்த்தாள். உரலைப் பார்த்தாள்.

"எத்தனை சிப்பிண்ணே?"

"ரெண்டு."

"எத்தனை?"

"ரெண்டுதாம்மா. உப்பளத்துக்காரனுக்குக் குடுத்த அதே அளவு."

கொற்றி எழுத்தாணியை எடுத்தாள். பேரில்லாத பானையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் கீறத் தொடங்கினாள். முதலில் உதிரனுக்குப் புரியவில்லை. நா எழுதினாள். க எழுதினாள். ன் எழுதினாள். கீழே இரண்டு கோடு இழுத்தாள்.

உதிரன் திரும்பினான். பலகைமேல் இருந்த பானைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இரண்டு வருடமாகத் தினமும் தொண்டை வலிக்கப் படித்த பேர்கள். மொத்தம் நாற்பத்தோரு பேர்.

"ஆசான்மாருன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமா. எந்த மருந்தை எவ்வளவுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு இவங்கதானே நமக்குச் சொன்னாங்க?"

"கோடு?"

"சிப்பிக் கணக்கு. செத்த அன்னைக்கு வயித்துல போனது."

அவள் பானையை ஊதித் தூசி தட்டி மற்றப் பானைகளோடு வைத்தாள்.

"ரெண்டு சிப்பியில ஒரு ஆள் பிழைச்சிருக்கான், ஒரு ஆள் செத்திருக்கான். இனிமே இந்த வீட்டுல யாருக்கும் ஒரு சிப்பிக்கு மேல கிடையாது."

உதிரன் தலையாட்டினான். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். வாசலில் ஆள் வந்த சத்தம் கேட்டது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டான்.

நாகன் போன ஒன்பதாம் நாள் எயினி மறுபடி வந்தாள். இந்த முறை பாயில் கிடந்தவன் மருதன். அதே காய்ச்சல், அதே நடுக்கம். ஆளைப் பார்த்தால் எலும்பும் தோலுமாக இருந்தான். ஒன்பது நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

கொற்றி ஒரு சிப்பி கொடுத்தாள். காய்ச்சல் அசையவில்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு சிப்பி கொடுத்தாள். கொஞ்சம் தணிவதுபோலத் தணிந்து, திரும்ப ஏறியது. மூன்றாம் நாள் காலை அவனால் வாயைத் திறக்கவே முடியவில்லை. பல் கிட்டிப்போயிருந்தது. எயினி ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உதிரன் கொற்றியின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டு குடுத்துப் பாக்கலாம்மா."

"கூடாது."

"ஒண்ணு பத்தல. இன்னைக்குத் தாண்ட மாட்டான்."

"தெரியும்."

"ரெண்டு குடுத்தா கண்டிப்பா விட்டுரும். உப்பளத்துக்காரனுக்கு விட்டுச்சே."

"நாகனுக்கு ரெண்டுல உயிரு போச்சே." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "பானையில அப்படித்தானே இருக்கு?"

எயினி நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு பக்கம் மருதனின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இன்னொரு பக்கம் பானையில் அந்த இரண்டு கோடு. ஊரில் இனி யார் தன்னை வைத்தியர் என்று கூப்பிடுவார்கள் என்று உதிரன் நினைத்தான். லாயத்துக்குத் திரும்பிப் போனாலும் குதிரைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று நினைத்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"ரெண்டில்ல" என்றான்.

கொற்றி காத்திருந்தாள்.

"ஆறு. காலைல ரெண்டு, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. நீங்க பொறுக்கச் சொன்னீங்க. நான் பொறுக்கல."

எயினியின் கையிலிருந்த துணி நின்றது.

கொற்றி எழுத்தாணியை எடுத்து நீட்டினாள். உதிரன் பானையைத் தூக்கினான். கை ஆடியது. ஒரு கோடு. இன்னொரு கோடு. சுட்ட மண்ணில் இரும்பு கீறும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. நான்கு கோடுகளையும் அவன் இழுத்து முடித்தான்.

கொற்றி பானையைத் திறந்து இரண்டு சிப்பி எடுத்தாள். வெந்நீரில் கலக்கி உதிரன் கையில் கொடுத்தாள்.

அவன் பாயருகே குனிந்தபோது எயினி குறுக்கே கையை வைத்தாள்.

"எங்கிட்ட குடுங்க."

கொடுத்தான்.

"இதுல எத்தனை?"

"ரெண்டு தாயி."

"எனக்கு எண்ணிக் காட்டுங்க."

கலக்கிய மருந்தை எப்படி எண்ணுவது? உதிரன் அதைக் கீழே ஊற்றினான். பானையைத் தூக்கி அவள் முன்னால் வைத்தான். வெறும் சிப்பியை அவளிடம் காட்டி, தூளை எடுத்து, மேலே நிரவி, கிண்ணத்தில் போட்டான்.

"ஒண்ணு" என்றான். மறுபடி எடுத்தான். "ரெண்டு."

மூடியை அவளே எடுத்துப் பானைமேல் வைத்தாள். தம்பியின் பல்லிடுக்கில் கரண்டிக் காம்பை நுழைத்து, தானே மருந்தைப் புகட்டினாள்.

நடுப்பகலில் மருதனுக்கு வியர்க்கவில்லை. உதிரன் வாசலுக்கும் பாய்க்கும் நடந்தான். பானைப் பக்கம் போகவில்லை. வெயில் சாயும் நேரத்தில் நெற்றியில் முத்துமுத்தாக அரும்பியது. பிறகு நடுக்கம் நின்றது. மருதன் கண்ணைத் திறந்து, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டான். அப்போதுதான் எயினி அழுதாள். பதினொரு நாளாகச் சேர்த்துவைத்த அழுகை அது. உதிரனும் உரல் மூலையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அதிலிருந்து நான்காம் நாள் மருதன் நடந்தே வீட்டுக்குப் புறப்பட்டான். எயினி வாசலில் நின்று திரும்பினாள்.

"வைத்தியரே, தினமும் பேர் படிப்பீங்கன்னு சொன்னாங்க. எம் புருசன் பேரையும் படிப்பீங்களா?"

"படிப்பேன் தாயி."

"எத்தனை கோடு?"

"ஆறு."

"நான் வந்து கேப்பேன்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உதிரனும் அதைக் கேட்கவில்லை.

சொன்னபடியே வந்தாள். ஒரு மாதம் தினமும் விடியற்காலையில் தெருவில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசிப் பேர் வரும்போது உதிரனின் குரல் உள்ளே போய்விடும். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்குக் கேட்கும்படி மறுபடி சொல்வான்: நாகன், ஆறு.

ஒருநாள் படித்து முடித்தபின் அவன் தித்தன் பானையிலிருந்த காய்ந்த பூக்களை எடுத்துக்கொண்டிருந்தான். கொற்றி மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னது பொய்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பானை அன்னைக்கு வாய்வரைக்கும் நிறைஞ்சு இருந்துச்சு. உரல் கழுவி ஈரமா இருந்துச்சு. பொய்னு தெரியும். எத்தனைன்னு தெரியாது."

"ஏன் என்னைப் பிடிச்சு உலுக்கிக் கேக்கல?"

"ரெண்டு தடவை கேட்டேன்."

உதிரன் பூவை உதிர்த்தான். பிறகு அவன் விரல் பானைத் தோளில் நின்றது. நேரான மூன்று கோடுகள். நெளிந்த எட்டுக் கோடுகள். கசப்பன் பானையைத் திரும்பிப் பார்த்தான். அங்கேயும் நேரான இரண்டு, நெளிந்த நான்கு.

"தித்தன் யாரும்மா?"

"எங்கப்பா."

அரைக்கும் கை நிற்கவில்லை.

"அப்போ எனக்குப் பதினாறு வயசு. எங்கம்மாதான் எனக்கு ஆசான். அவ ஊர்ல இல்லாத நாள்ல அவருக்கு நெஞ்சு வலிச்சுது. வலி நிக்கலன்னு மறுபடி மறுபடி குடுத்தேன். அம்மா வந்து எத்தனைன்னு கேட்டா. மூணுன்னேன். மூணுன்னு எழுதினா."

உதிரன் அந்த எட்டுக் கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தான்.

"அப்புறம் எப்பம்மா இது பதினொண்ணு ஆச்சு?"

கொற்றி அம்மியிலிருந்து மருந்தை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அடுத்த நோயாளி வந்தப்போ" என்றாள்.